கைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு

(நமது நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன சில கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன்.)



"சார், அந்தத் தூண்டில் விஷயத்தைப் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், பி.காம். படித்தவன், தூண்டில் கம்பு கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். "மீன் வேணும்னா மீன் மார்க்கெட் இருக்கே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆனால் இன்று நான் பேசப்போவது மீனைப் பற்றி அல்ல, கம்பைப் பற்றிக்கூட அல்ல. அந்த வேலை செய்யும் மேசைக்கு மேலே இருக்கிற விளக்கைப் பற்றி.

ஏன் என்றால், போன ஒரு வருடத்தில் நம் குடியிருப்பிலேயே மூன்று பேர் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "இனிமே முடியாது சார், கண்ணு போச்சு." ஒருவர் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். சால்டரிங் அயர்னை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். ஒரு அம்மா இருபத்தைந்து வருடம் பிளவுஸ் தைத்தவர், மெஷினையே விற்றுவிட்டார். இன்னொருவர் பழைய நாணயம் சேர்ப்பவர், ஆல்பத்தைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். மூன்று வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். மூன்றிலும் வேலை நடந்த இடத்துக்கு இருந்த ஒரே வெளிச்சம், உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய ஒரு டியூப்லைட். கண் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தால் இருபத்தைந்து வயதுக்காரனுக்கே ஊசியில் நூல் கோப்பது சிரமம்.

முதலில் என் வேலை என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தூண்டில் ராடு என்பது கார்பனிலோ ஃபைபர் கிளாஸிலோ செய்த வழவழப்பான வெறுங்கம்பு. அதன் மேல் நரம்பு ஓடுவதற்கான வளையங்களை வைத்து, தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த நைலான் நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் இடைவெளி தெரியக்கூடாது, ஒன்றன் மேல் ஒன்று ஏறவும் கூடாது. கட்டி முடித்ததும் இரண்டு பாகமாக வரும் எபாக்ஸியைக் கலந்து மேலே பூசி, அது வழிந்து ஒரு பக்கம் சேராமல் இருக்க மோட்டாரில் மெதுவாகச் சுழலவிட வேண்டும். இதில் ஒரு இடைவெளியைப் பார்க்காமல் விட்டுப் பூசிவிட்டால் அது அங்கேயே உறைந்துவிடும். பிறகு கத்தி வைத்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கம்பு கறுப்பு, நூல் பெரும்பாலும் கருநீலம் அல்லது கரும்பச்சை. கறுப்பின் மேல் கருநீலம் என்றால் என்ன வெளிச்சம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்களில் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஹெம்மிங் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வயதானால் வெள்ளெழுத்து வரும், கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே வேறு இரண்டு விஷயமும் நடக்கிறது. கண்ணின் பாப்பா இளமையில் விரிந்த அளவு விரிவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளித்து மங்குகிறது. இரண்டும் சேர்ந்து, அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதாவது, உங்கள் பேத்தி படிக்கும் அதே விளக்கின் கீழ் நீங்கள் உட்கார்ந்தால், அவளுக்கு மூன்று ரூபாய், உங்களுக்கு ஒரு ரூபாய். மஞ்சளித்த லென்ஸ் நீலத்தை விழுங்குவதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிவதும் இந்த வயதின் வேலைதான். கண்ணாடியின் பவரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. வெளிச்சத்தைக் கூட்டித்தான் சரிக்கட்ட வேண்டும்.

எவ்வளவு கூட்டுவது? இங்கே இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. லூமன் என்பது விளக்கு மொத்தமாக வெளியே விடும் வெளிச்சம். லக்ஸ் என்பது அதில் உங்கள் மேசையில் ஒரு சதுர மீட்டருக்கு வந்து சேருவது. மொத்தச் சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு, நமக்குத் தெரியாததா! கடைக்காரர் சொல்லும் வாட் இரண்டும் அல்ல. அது மின்சாரச் செலவு மட்டும்தான்.

கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் வேலையிட வெளிச்சத்துக்கென்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் எழுத்து வேலைக்கு 500 லக்ஸ். நகை செய்ய 1000. ரத்தினக் கல் வேலைக்கும் கைக்கடிகாரத்தைக் கையால் பூட்டுவதற்கும் 1500. நூல் சுற்றுவது நகை வேலைக்குப் பக்கத்தில் வரும் என்பது என் கணிப்பு, ஆகவே 1000 என்று வைத்துக்கொள்கிறேன். நம் ஹாலில் ஒரு 20 வாட் எல்இடி டியூப், அறையின் நடுவில் மேசை போட்டால், 150லிருந்து 200 வரை வந்தால் பெரிது. டியூப் சுவரோரம், நாம் குறுக்கே என்றால் அதுவும் இல்லை.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது "இன்னொரு டியூப் போட்டுவிடலாம்" என்பது. போட்டால் 200 என்பது 350 ஆகலாம், கரண்ட் பில்லும் கூடும், 1000 எட்டாது. எட்ட வைப்பது தூரம். விளக்கிலிருந்து உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. தூரம் நாலில் ஒன்றானால் பதினாறு மடங்கு. எந்த டெபாசிட்டிலும் இந்த வட்டி கிடைக்காது. ஒரு சாதாரண 9 வாட் எல்இடி பல்பு 900 லூமன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தொப்பி எதுவும் இல்லாமல் மேசைக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் நேராக மேசைக்கு வருவது 18 லக்ஸ். ஒரு மீட்டருக்கு இறக்கினால் 72. அரை மீட்டருக்கு இறக்கினால் 290. அதே பல்புக்கு உள்பக்கம் வெள்ளை அடித்த ஒரு தகரத் தொப்பி போட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் வீணாவதைக் கீழே திருப்பினால் எண்ணூறு, தொள்ளாயிரம் வரை போகும். பல்பு மாறவில்லை, மீட்டர் கூடவில்லை. கொஞ்சம் குனிந்து வந்தது, அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட நம் ஊரில் பார்த்ததுதான் அதிகம். செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுவதில் திருச்சிக்கு நீண்ட நாள் பெயர் உண்டு. ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறை அப்படியொன்றும் வெளிச்சமாக இருக்காது. ஆனால் சுழலும் சக்கரத்துக்கு மேலே, தீட்டுபவரின் கண் மட்டத்துக்குக் கீழே, தகரக் குடை போட்ட ஒரு பல்பு தாழத் தொங்கும். கடுகளவு கல்லில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்களை அந்த ஒரு பல்பில்தான் தீட்டுகிறார்கள். பெரிய கடை வீதிப் பக்கம் நகைப் பட்டறைகளிலும் இதே ஏற்பாடுதான். நம் பாட்டிமார்கள் அரிசியில் கல் பொறுக்க முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்ததும் இதே கணக்குத்தான். அவர்கள் வெளிச்சத்திடம் போனார்கள், நாம் வெளிச்சத்தைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே நான் முதலில் சொல்வது: கழுத்து வளையும், மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் ஒரு மேசை விளக்கு. கழுத்து நீளமாக இருக்க வேண்டும், வைத்த இடத்தில் நிற்க வேண்டும். கடையிலேயே முழுதாக நீட்டி, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தலை தொங்கிப்போனால் வேண்டாம். விளக்கின் பல்லோ பல்போ நேராக உங்கள் கண்ணில் படாதபடி தொப்பி மூடியிருக்க வேண்டும். இன்று விற்கும் பல எல்இடி மேசை விளக்குகள் அழகாக, தட்டையாக, மூடியே இல்லாமல் இருக்கின்றன. எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு ஊசி கோப்பது போல இருக்கும்.

எந்தப் பக்கம் வைப்பது? எழுதுவதற்கும் தைப்பதற்கும் வலது கைக்காரர்கள் இடது பக்கம் வைப்பார்கள், நிழல் கைக்குப் பின்னால் விழும். கம்பு கட்டுவதில் இரண்டு கையும் வேலை செய்வதால் எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தேவைப்படுகிறது. ரேடியோ ரிப்பேர்க்காரருக்கும் அப்படித்தான். பக்கத்துக்கு ஒன்று இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அறையின் டியூப்பை அணைத்துவிடாதீர்கள். சுற்றிலும் இருட்டு, நடுவில் பளிச் என்றால், நிமிரும்போதெல்லாம் கண் தடுமாறும்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, ஃபேன். விளக்குக்கும் மேசைக்கும் நடுவில் சீலிங் ஃபேன் சுற்றினால் இறக்கைகளின் நிழல் மேசையில் படபடத்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி வரும், பழி மூக்குக் கண்ணாடிக்குப் போகும். மேசை விளக்கு ஃபேனுக்குக் கீழே இருப்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். (ஃபேன் காற்றில் எபாக்ஸியில் தூசி ஒட்டுவது தனிக் கதை. அதற்கு வியர்த்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.)

மேசையின் மேல்பரப்பையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் பேங்கில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கும், அதன் அடியில் காலண்டர், வட்டி விகிதப் பட்டியல், சாமி படம். பார்க்க நன்றாக இருக்கும். டியூப்லைட் முழுசாக அதில் தெரியும். சாயங்காலம் ஆனால் கண் எரியும். பளபளக்கும் சன்மைக்காவும் அப்படித்தான். அதன் மேல் பளபளப்பில்லாத ஒரு சார்ட் பேப்பரை விரித்துவிடுங்கள். கறுப்பு வேலைக்கு வெள்ளைத் தாள், வெள்ளை வேலைக்குக் கருந்துணி. பத்து ரூபாயில் கிடைக்கும் இந்த வித்தியாசம் சில சமயம் புது விளக்கைவிடப் பெரியது.

நிறத்துக்கு வருகிறேன். பெட்டியில் 2700, 4000, 6500 என்று கெல்வினில் போட்டிருப்பார்கள். முதலாவது குண்டு பல்பின் மஞ்சள், கடைசி நீலம் கலந்த வெள்ளை, நம் கடைகளில் அதிகம் விற்பது கடைசிதான். "வெள்ளையா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி" என்பது பாதி பிரமை. லூமன் ஒன்றாக இருந்தால் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை மேசைக்கு 4000 எனக்குப் பிடித்திருக்கிறது, அது ருசி. ருசி அல்லாத விஷயம் சிஆர்ஐ என்கிற நிறக் குறியீடு. ஒரு விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரிகின்றன என்பதற்கு 100க்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் அது. நாம் வாங்கும் வெள்ளை எல்இடி உள்ளுக்குள் ஒரு நீல எல்இடிதான், மேலே பூசிய பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்கி வெள்ளை போலக் காட்டுகிறது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். சாதாரண பல்பில் சிவப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். அதனால்தான் அரக்கும் பழுப்பும், கருநீலமும் கறுப்பும் கடையில் ஒன்றாகவும் வாசலில் வேறாகவும் தெரிகின்றன. புடவைக் கடையில் சேலையை வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பவர்கள் தெரியாமலே சிஆர்ஐ சோதனைதான் செய்கிறார்கள். 80 என்பது வழக்கமாகக் கிடைப்பது. 90 அல்லது அதற்கு மேல் என்று பெட்டியில் போட்டிருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம். தையலுக்கும் நூல் வேலைக்கும் அந்தப் பணம் வீணாகாது.

மழைக்காலத்தில் மட்டும் நான் 2700 பல்புக்கு மாறிவிடுகிறேன். காரணம் ஈசல். நீலம் அதிகமுள்ள வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி கூடுதலாக வரும், மஞ்சளுக்குக் குறைவு. ஈரமான எபாக்ஸியில் ஒரு ஈசல் இறக்கை ஒட்டினால் அதுதான் அந்தக் கம்பின் டிசைன்.

இப்போது, வெளிச்சம் அதிகம் இருந்தும் தெரியாத ஒரு வகை உண்டு. எபாக்ஸி பூச்சில் இருக்கும் சின்னக் குமிழியும் மேடு பள்ளமும் நேர் மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. விளக்கை ஏறக்குறைய மேசை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும், அப்போது பிடிபடும். இது எனக்கு பேங்க் கற்றுக்கொடுத்தது. செக்கில் தொகையைச் சுரண்டித் திருத்தியிருந்தால் நேராகப் பார்த்தால் தெரியாது. விளக்குக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்தால் சுரண்டிய இடத்தில் காகிதத்தின் நார் எழுந்து நிற்கும். நீரோட்டம் பார்க்க வேண்டுமென்றால் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். புற ஊதா விளக்கில் வைத்தால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட பேங்க் முத்திரை ஒளிரும். ஒரே காகிதம், வெளிச்சம் வரும் திசையும் வகையும் மாற மாற வேறு வேறு விஷயத்தைச் சொல்லும். கழுத்து வளையும் விளக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே போதும். வெளிச்சம் கூடியிருந்தால் மட்டும் போதாது, நகர வேண்டும்.

மினுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான எல்இடிகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, களைப்பாகத் தெரியும். கடையில் விளக்கை எரியவிட்டு, அதன் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் மங்கலாக இழுபட்டால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் வேண்டாம். செல்போன் கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடினாலும் அதே அர்த்தம். சுழலும் பொருளோடு வேலை செய்பவர்களுக்கு இது களைப்பு மட்டுமல்ல, ஆபத்து. மினுக்கும் வெளிச்சத்தில் வேகமாகச் சுற்றும் பொருள் நின்றுவிட்டது போலத் தோன்றும். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறீர்கள், டியூப்லைட் மட்டும் இருந்தால் போதாது என்று லேத் மேல் ஒரு குண்டு பல்பு வைத்திருந்ததன் காரணம் அதுதான். நானும் கார்க் கைப்பிடியை டிரில்லில் சுழற்றித் தேய்க்கும்போது அதை மனதில் வைத்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி பொருத்திய வளைய விளக்கு பலர் கேட்கிறார்கள். நல்லதுதான், ஆனால் "பத்து மடங்கு" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். டயாப்டர் எவ்வளவு என்று கேளுங்கள். 3 டயாப்டர் என்றால் ஒன்றே முக்கால் மடங்கு, 5 என்றால் இரண்டே கால் மடங்கு. கைவேலைக்கு 3 போதும். அதற்கு மேலே போனால் பார்க்கும் வட்டம் சுருங்கி, மூக்கை அதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: வேலை முடிந்ததும் அதை மூடியோ துணியோ போட்டு மூடிவிடுங்கள். மேற்கு ஜன்னலில் வரும் சாயங்கால வெயில் அந்த லென்ஸில் குவிந்தால் துணியும் காகிதமும் பற்றிக்கொள்ளும். நம் பி பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் மேற்கு ஜன்னல்தான்.

பல்பு மாற்றக்கூடிய விளக்கையே வாங்குங்கள். எல்இடியை உள்ளேயே ஒட்டி வைத்திருப்பது கெட்டால் விளக்கோடு தூக்கிப் போட வேண்டும். ஹோல்டர் பின் வைத்ததா, திருகு வைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். நம் வீட்டு பல்புகள் பின், மேசை விளக்குகளில் பாதி திருகு.

இவ்வளவும் செய்து, 1000 லக்ஸில் உட்கார்ந்தும் தெரியவில்லை என்றால்? அல்லது வெளிச்சம் கூடக் கூடக் கண் கூசி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால்? அப்போது இன்னும் பெரிய பல்பு வாங்காதீர்கள். கண்புரையாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதை விளக்கால் மூடி மறைக்கக்கூடாது. அரசு மருத்துவமனை நம் புத்தூரிலேயே இருக்கிறது. அங்கேயோ நீங்கள் வழக்கமாகப் போகும் கண் டாக்டரிடமோ காட்டிவிடுங்கள். வீட்டு வெளிச்சத்தை முதலில் சரிசெய்துகொண்டு போனால், "எதுக்கு சிரமம், எப்போ சிரமம்" என்று டாக்டர் கேட்கும்போது தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

மெஷினை விற்ற அந்த அம்மாவிடம் என் இரண்டாவது விளக்கைக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு ஊசியும் நூலும் மட்டும். கறுப்பு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

மற்றவர்களுக்கு: என் போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்று இருக்கிறது. மிகத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன், 150க்கும் 900க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நீங்கள் தைக்கிற, படிக்கிற, பஞ்சாங்கம் பார்க்கிற இடத்தைக் காட்டினால் வந்து அளந்து தருகிறேன். ராத்திரி வேலை செய்பவர்கள் ராத்திரியே கூப்பிடுங்கள், பகலில் அளந்தால் கணக்கு தப்பும்.